உச்சத்தில் இருந்தபோது நிறுத்தியவர்: சன்னி ராலின்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1959 கோடைக்காலம். சாக்ஸபோன் வகைகளில் ஆல்டோவைவிடத் தாழ்ந்த குரல் கொண்ட டெனர் சாக்ஸபோனில் அன்று யார் முன்னணி என்று கேட்டால் ஜாஸ் உலகம் இரண்டு பேரைக் கைகாட்டியிருக்கும்: ஜான் கோல்ட்ரேன், சன்னி ராலின்ஸ். ராலின்ஸுக்கு அப்போது வயது 28. முந்தைய மூன்று ஆண்டுகளில் தன் பெயரில் பத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் போட்டிருந்தார். ஐரோப்பாவில் ஒரு சுற்று வாசித்துவிட்டு வந்திருந்தார். அந்த நேரத்தில் கச்சேரியையும் இசைத்தட்டுப் பதிவையும் அடியோடு நிறுத்திவிட்டார். மறுபடி மேடை ஏறியது 1961 நவம்பரில்தான். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நியூயார்க்கில் ஒரு பாலத்தின் மேல் நின்று சாதகம் செய்துகொண்டிருந்தார்.

ஜாஸ் கேட்பவர்கள் பலருக்கும் இந்தக் கதை தெரியும். பெரும்பாலும் அது புராணம் போலத்தான் சொல்லப்படுகிறது. ஒரு மேதை, ஒரு பாலம், தனிமை, அவ்வளவுதான். அப்படிச் சொல்லும்போது அவர் எதற்காக நிறுத்தினார், அந்த நாட்களை எப்படி ஓட்டினார், அதனால் என்ன கிடைத்தது என்ற மூன்றும் விட்டுப்போகின்றன. கடைசிக் கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. பாலத்திலிருந்து இறங்கியதும் வந்த ஆல்பத்தை வைத்து இதை எடை போட முடியாது. நாற்பது ஆண்டுக் கணக்கு பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஹார்லெமிலிருந்து ரைக்கர்ஸ் தீவுக்கு

தியடோர் வால்டர் ராலின்ஸ் 1930 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தார். பெற்றோர் கரீபியன் கடலில் உள்ள வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர்கள். அம்மா பாடிய தீவுப் பாட்டுகள் அவர் காதில் ஒட்டிக்கொண்டன. அவற்றில் ஒன்றுதான் பின்னாளில் 'செயின்ட் தாமஸ்' என்ற பெயரில் அவருடைய அடையாளமாகவே ஆனது. முதலில் பியானோ, அப்புறம் ஆல்டோ சாக்ஸபோன், பதினாறு வயது வாக்கில் டெனர். அவர் தெய்வமாக நினைத்த கோல்மன் ஹாக்கின்ஸ் குடியிருந்தது பக்கத்துத் தெருக்களில்தான். ஜாக்கி மெக்லீன், கென்னி ட்ரூ, ஆர்ட் டெய்லர் என்று பிற்காலத்தில் பெயர் வாங்கிய பையன்கள் பள்ளி வயதில் அவரோடு சேர்ந்து வாசித்தவர்கள். 1949இல், பத்தொன்பது வயதுக்குள், பியானோ கலைஞர் பட் பவல் போன்ற பெரியவர்களோடு பதிவுக்கூடத்தில் நின்றார்.

அப்புறம் ஹெராயின். அந்தத் தலைமுறை ஜாஸ் கலைஞர்களில் பாதிப் பேரை அது தின்றது. ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் போல வாசிக்க வேண்டுமானால் அவரைப் போல ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று இளைஞர்கள் நம்பிய காலம் அது. 1950இல் ஆயுதத்தோடு கொள்ளையடித்த வழக்கில் ராலின்ஸ் கைதானார். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் பத்து மாதம் இருந்தார். வெளியே வந்தவர் விடுதலை நிபந்தனையை மீறி மறுபடி போதைக்குப் போனார், 1952இல் மறுபடி பிடிபட்டார்.

1953 ஜனவரியில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் நடத்திய ஒரு பதிவில் ராலின்ஸும் பார்க்கரும் ஒன்றாக வாசித்தார்கள். போதையை விட்டுவிட்டாயா என்று பார்க்கர் கேட்டார். விட்டுவிட்டேன் என்று ராலின்ஸ் பொய் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வேறொருவர் வாயிலிருந்து உண்மை வெளியே வந்துவிட்டது. பார்க்கரின் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்ததாக ராலின்ஸ் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். தன்னைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்ற வேதனை பார்க்கருக்கு இருந்திருக்கிறது. 1955இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில் ராலின்ஸ் சேர்ந்தார், அங்கே ஹெராயினுக்கு மாற்று மருந்தாகச் சோதனை முறையில் கொடுக்கப்பட்ட மெத்தடோன் சிகிச்சைக்குத் தானாகவே முன்வந்தார். குணமாகி வெளியே போய் பார்க்கரிடம் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் லெக்சிங்டனில் இருந்தபோதே, அந்த மார்ச் மாதம், பார்க்கர் 34 வயதில் இறந்துபோனார்.

சிகாகோ: முதல் ஒதுங்கல்

பாலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் சிகாகோவை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் இந்த ஆய்வின் திறவுகோல். லெக்சிங்டனிலிருந்து வந்த ராலின்ஸ் நேராக நியூயார்க் கிளப்புகளுக்குத் திரும்பவில்லை. சிகாகோவில் தங்கி, துப்புரவு வேலை உட்பட உடலுழைப்பு வேலைகள் பார்த்தார். கிளப் வாசலில் பழைய கூட்டாளிகள் நிற்பார்கள், கையில் சரக்கு இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த இழுப்பைத் தாங்கும் பலம் வந்திருக்கிறது என்று தோன்றும்வரை மேடைக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். வாசிப்பை விடவில்லை. கூட்டத்தின் முன் வாசிப்பதை மட்டும் தள்ளி வைத்தார்.

1955 கடைசியில் கிளிஃபோர்ட் பிரவுன், மேக்ஸ் ரோச் குழு சிகாகோவுக்கு வந்தது. அவர்களுக்கு ஒரு டெனர் வாசிப்பவர் தேவைப்பட்டார். ராலின்ஸ் சேர்ந்தார். பிரவுன் போதையைத் தொடாதவர், நிதானமானவர், அதோடு அன்றைய டிரம்பெட் வாசிப்பவர்களில் முதல் வரிசை. சுத்தமாக வாழ்ந்துகொண்டே இப்படி வாசிக்க முடியும் என்பதற்குக் கண்முன்னால் ஓர் ஆள் இருந்தார். ராலின்ஸுக்கு வேறு உபதேசம் தேவைப்படவில்லை.

அந்தப் பாக்கியம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1956 ஜூன் 26 அன்று பென்சில்வேனியாவில் நடந்த கார் விபத்தில் பிரவுன் 25 வயதில் இறந்தார். குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் அவரோடு போய்விட்டார். அதற்கு நான்கு நாள் முன்புதான், ஜூன் 22 அன்று, ராலின்ஸ் 'சாக்ஸபோன் கொலாசஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார்.

1956 முதல் 1958 வரை

அந்த ஆல்பத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பியானோவில் டாமி ஃபிளானகன், பாஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். 'செயின்ட் தாமஸ்' பாட்டில் மெட்டு முடிந்ததும் ராலின்ஸ் தன் தனி வாசிப்பைத் தொடங்குவது இரண்டே ஸ்வரத்தில். அந்த இரண்டையும் திருப்பித் திருப்பி, இடம் மாற்றி, தாளத்தில் முன்னே தள்ளி, பின்னே இழுத்து வாசிக்கிறார். இன்னொருவர் என்றால் அந்த நேரத்தில் இருபது ஸ்வரங்களைக் கொட்டியிருப்பார். ரோச்சின் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தீவுத் தாளம் விலகி, நேரான ஸ்விங் என்ற ஜாஸ் தாள நடை வந்து உட்காருகிறது. கேட்கிற யாருக்கும் கால் தாளம் போடத் தொடங்கிவிடும்.

அதே ஆல்பத்தில் 'ப்ளூ 7' என்ற நீண்ட பாட்டு இருக்கிறது. தொடக்கத்தில் பாஸ் மட்டும் தனியாக நடந்து வருகிறது. அப்புறம் ராலின்ஸ் ஒரு சின்ன மெட்டை வைக்கிறார், பதினோரு நிமிடமும் அதை விட்டு விலகாமல், அதன் துண்டுகளிலிருந்தே எல்லாவற்றையும் கட்டுகிறார். நம் கச்சேரியில் ஒரே வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்பவர் அந்த வரியின் இடத்தை மறக்காமல் விரித்துக்கொண்டே போவாரே, அந்த ஒழுங்கு இதில் உண்டு. இதைப் பற்றி இசையறிஞர் குந்தர் ஷுல்லர் 1958இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஜாஸ் விமர்சனத்தில் அது இன்றும் பேசப்படுகிற கட்டுரை. ராலின்ஸுக்கு அதனால் கிடைத்தது சங்கடம்தான். தான் யோசிக்காமல் செய்ததை ஒருவர் பிரித்து அடுக்கிக் காட்டியதும், மேடையில் தன்னையே கவனிக்கத் தொடங்கிவிட்டார்.

1957இல் பியானோவே இல்லாமல் பாஸ், டிரம்ஸ் இரண்டை மட்டும் வைத்து வாசித்தார். பியானோ இல்லையென்றால் பின்னால் சாய்ந்துகொள்ள இடம் கிடையாது. எந்த ஸ்வரச் சேர்க்கையில் நிற்கிறோம் என்பதைச் சாக்ஸபோனே சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான 'வே அவுட் வெஸ்ட்', நவம்பரில் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் நேரடியாகப் பதிவானது, இரண்டும் அந்த வகை.

1958இல் 'ஃப்ரீடம் சூட்'. ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும் ஒரே படைப்பு. அமெரிக்கக் கலாச்சாரம் கறுப்பின மக்களிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டு, அவர்களையே ஒடுக்குகிறது என்ற கருத்தை ஆல்பத்தின் உறையிலேயே தன் பெயரில் எழுதினார். பத்திரிகைகளில் அவர் பெயர் வந்துகொண்டிருந்த அதே நாட்களில் நியூயார்க்கில் வாடகைக்கு வீடு தேடிப் போய், கறுப்பர் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அந்த எழுத்தின் சூட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஏன் நிறுத்தினார்?

போதைக்குத் திரும்பிவிட்டார் என்று சிலர் நினைத்தார்கள். புதுப்பாணி சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனும் கோல்ட்ரேனும் வந்துவிட்டதால் பயந்து ஓடினார் என்று சிலர் எழுதினார்கள். முதலாவது உண்மையில்லை. இரண்டாவதில் தேதியே இடிக்கிறது. கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்புக்கு வந்து ஊரைக் கலக்கியது 1959 நவம்பரில். ராலின்ஸ் ஒதுங்கியது அதற்கு முந்தைய கோடையில்.

அவர் தானே சொன்ன காரணம் எளிமையானது. தன் பெயர் தன் வாசிப்பைவிடப் பெரிதாகிவிட்டது என்று நினைத்தார். அவ்வளவு எதிர்பார்ப்போடு வருகிறவர்களுக்குத் தர வேண்டியதைத் தான் தரவில்லை என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. ஊர் புகழ்ந்துகொண்டிருந்தது, அவர் காது ஒத்துக்கொள்ளவில்லை. இதை அடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சிகாகோவையும் சேர்த்துப் பார்த்தால் இது அவர் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்து, பலன் கண்ட வழி. உள்ளே ஏதோ சரியில்லை, மேடையில் நின்றுகொண்டே அதைச் சரிசெய்ய முடியாது, ஆகவே மேடையை விடு. 1955இல் உடம்புக்காகச் செய்ததை 1959இல் வாசிப்புக்காகச் செய்தார்.

பாலத்தின் மேல்

அப்போது அவர் குடியிருந்தது மன்ஹாட்டனின் கிழக்குக் கீழ்ப்பகுதியில், கிராண்ட் தெருவில். டெனர் சாக்ஸபோன் சுவர் தாண்டிக் கேட்கும் கருவி. பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். இந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளையைப் படுத்துமோ என்று ராலின்ஸுக்குக் கவலை. ஒரு நாள் டெலான்சி தெருவில் நடந்து போனபோது வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு ஏறும் படிகள் கண்ணில் பட்டன. ஏறிப் பார்த்தார். ஆள் நடமாட்டமே இல்லை.

அது 1903இல் திறந்த பாலம். கிழக்கு ஆற்றின் மேல் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைப்பது. வண்டிகள் போகும் பாதைக்கு மேலே நடைபாதை, பக்கத்தில் ரயில், கீழே படகுகள். வாகனத்தில் போகிறவர்கள் கண்ணில் படாமல் நிற்க அங்கே இடம் இருந்தது. நாளைக்குப் பதினைந்து, பதினாறு மணி நேரம்கூட வாசித்த நாட்கள் உண்டு. வெயில் மழை பார்க்கவில்லை, குளிர்காலத்திலும் போனார். சில நாட்களில் சோப்ரானோ சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசியும் கூட வந்து வாசித்தார்.

திறந்த வெளியில் ஊதுவது எப்படிப்பட்ட வேலை என்பதை வாத்தியம் வாசிப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அறையில் வாசித்தால் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தரும். வாசிப்பு கனமாக, அழகாகக் கேட்கும், குறைகளை அது மூடிவிடும். ஆற்றின் மேல் அப்படி எதுவும் திரும்பி வராது. ஊதின ஒலி போய்விடும். தன் காதுக்கே எட்ட வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தள்ள வேண்டும். ரயில் போகும்போது அதற்கும் மேலே கேட்க வேண்டும். குளிரில் கருவியின் சுருதி இறங்கும், விரல் விறைக்கும், காற்றில் ரீட் என்ற வாய்ச்சீவாளி காய்ந்துபோகும். இத்தனையையும் மீறி ஒரே ஸ்வரத்தை நீளமாக, ஆடாமல் பிடித்து நிறுத்துவதுதான் அடிப்படைப் பயிற்சி. நம் நாகஸ்வரக்காரர்கள் அசுரசாதகம் என்று சொல்வது இதைத்தான். பிற்காலத்தில் ராலின்ஸின் ஒலியைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அதன் பருமனையும் தூரத்தையும் சொல்கிறார்கள். அது எங்கே உருவானது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சாக்ஸபோனோடு நிற்கவில்லை. எடை தூக்கினார், யோகப் பயிற்சி செய்தார், தத்துவம் படித்தார், குறிப்பேடுகளில் எழுதினார். விரல் அமைப்பு, மூச்சு, உதட்டின் பிடிப்பு, உணவு, தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டளைகள் எல்லாம் அந்த ஏடுகளில் இருக்கின்றன. 2017இல் ஹார்லெமில் உள்ள ஷாம்பர்க் ஆய்வு மையம் அவருடைய ஆவணங்களை வாங்கியபோது இவையும் அங்கே போய்ச் சேர்ந்தன. பிறந்த பேட்டைக்கே அவை திரும்பியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார்? இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அவரோடு வாழ்ந்த லூசில் பியர்சன் வேலைக்குப் போனார். குடும்பம் அவர் சம்பளத்தில் ஓடியது. இருவரும் 1965இல் திருமணம் செய்துகொண்டார்கள். பின்னாளில் ராலின்ஸின் கச்சேரி, ஒப்பந்தம், பணம் எல்லாவற்றையும் 2004இல் இறக்கும்வரை லூசில்தான் கவனித்தார். பாலத்தின் மேல் நின்றது ஒருவர், அந்த இரண்டு ஆண்டுகளைச் சுமந்தது இரண்டு பேர்.

1961இல் 'மெட்ரோனோம்' இதழில் ஒருவர் பாலத்தில் ராலின்ஸைக் கண்டதைப் பற்றி எழுதினார், இடம் தெரிந்துவிடக் கூடாதென்று பாலத்தின் பெயரை மாற்றிப்போட்டு. அதிலிருந்துதான் ஊர் பேசத் தொடங்கியது.

திரும்பி வந்தபோது

1961 நவம்பரில் நியூயார்க்கில் இருந்த ஜாஸ் கேலரி கிளப்பில் வாசித்தார். ஆர்.சி.ஏ. விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. 1962இல் 'தி பிரிட்ஜ்' வந்தது. ஜிம் ஹால் கிட்டார், பாப் கிரான்ஷா பாஸ், பென் ரைலி டிரம்ஸ்.

பலருக்கு ஏமாற்றம். அவர் போயிருந்த காலத்தில் உலகம் மாறியிருந்தது. கோல்ட்ரேன் வேறொரு திசையில் வெகுதூரம் போய்விட்டார், கோல்மன் பழைய இலக்கணத்தையே தூக்கி வைத்துவிட்டார். இரண்டு ஆண்டு தவம் இருந்தவர் அதையும் தாண்டி ஏதோ கொண்டுவருவார் என்று காத்திருந்தவர்களுக்கு, பழைய பாட்டுகளை மெருகோடு வாசித்த ஓர் ஆல்பம் கிடைத்தது. இதற்கா பாலம் என்று கேட்டார்கள்.

கேள்வியே தப்பு என்பது என் கருத்து. புதிய பாணி கண்டுபிடிக்கப் போகிறேன் என்று அவர் போகவில்லை. வாசிப்பைச் செம்மைப்படுத்தப் போனார். அதைத்தான் கேட்கிறோம்: கிட்டாரும் சாக்ஸபோனும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நகர்வதும், எந்த வேகத்திலும் ஒலி மெலியாமல் நிற்பதும். புதுமைக்கும் அவர் பயப்படவில்லை. அதே 1962இல் கோல்மன் குழுவில் இருந்த டான் செர்ரி, பில்லி ஹிக்கின்ஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு மேடை ஏறினார். 1963இல் சிறுவயதுத் தெய்வமான ஹாக்கின்ஸோடு ஓர் ஆல்பம் செய்தார்.

மறுபடியும்

1960களின் கடைசியில் மீண்டும் ஒதுங்கினார். இந்த முறை இசை வியாபாரத்தின் மேல் வந்த சலிப்பு பெரிய காரணம். சாக்ஸபோனோடு மும்பை வந்து, பொவாயில் சுவாமி சின்மயானந்தாவின் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்தார். அசையாமல் உட்கார்ந்து தியானம் செய்வது அவருக்குக் கைவரவில்லை. வாசிப்பதே உனக்குத் தியானம்தான் என்று அங்கே கேட்டது தனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்று பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1971இல் திரும்பினார். அடுத்த இருபது ஆண்டு ஸ்டுடியோ ஆல்பங்களை நான் தூக்கிப்பிடிக்க மாட்டேன். மின்வாத்தியங்களோடு செய்த பல பதிவுகள் தட்டையாக இருக்கின்றன. பதிவுக்கூடம் அவருக்குப் பிடிக்காத இடம். அவர் மலர்ந்தது மேடையில். 1986இல் நியூயார்க் மாநிலத்தில் சாகர்ட்டிஸ் என்ற ஊரில், கல் அடுக்கிக் கட்டிய திறந்தவெளி மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர் விளிம்பிலிருந்து கீழே குதித்தார். குதிகால் எலும்பு முறிந்தது. மல்லாந்து கிடந்தபடியே வாசிப்பைத் தொடர்ந்தார். படமாக்கிக்கொண்டிருந்தவர்களின் கேமராவில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது.

இரண்டு பதிவுகள்

2001 செப்டம்பர் 11 அன்று ராலின்ஸுக்கு 71 வயதாகி நான்கு நாள். உலக வர்த்தக மையத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி உயரமான கட்டடம் ஒன்றில் அவருக்கு வீடு இருந்தது. மறுநாள் அங்கிருந்து எல்லோரையும் வெளியேற்றியபோது சாக்ஸபோனை மட்டும் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினார். பாஸ்டனில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கச்சேரியை ரத்து செய்யத்தான் நினைத்தார். போய் வாசி என்று சொன்னவர் லூசில். செப்டம்பர் 15 அன்று வாசித்தார். அந்தப் பதிவு 2005இல் வெளியானது. அதில் உள்ள ஒரு தனி வாசிப்புக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது.

இந்த ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த சிறந்த சான்று அந்தக் கச்சேரியில் இருக்கிறது. அன்று வாசித்த 'விதவுட் எ சாங்' என்ற பழைய பாட்டு, 1962இல் வந்த 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தின் முதல் பாட்டும்கூட. இரண்டிலும் பாஸ் வாசித்தவர் அதே பாப் கிரான்ஷா. முதலாவது ஏழு நிமிடத்துச் சொச்சம், இரண்டாவது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1962இல் ராலின்ஸ் கவனமாக இருக்கிறார். ஒவ்வொரு வாக்கியமும் திருத்தி எழுதினது போல வருகிறது. 2001இல் மெட்டை உடைத்து, சிரித்து, வேறு பாட்டுகளின் துண்டுகளை நடுவில் செருகி, மறுபடி மெட்டுக்கே வந்து நிற்கிறார். மூச்சு குறையவே இல்லை.

அவர் தலைமுறையில் பார்க்கர் 34இல் போனார், பிரவுன் 25இல், கோல்ட்ரேன் 40இல். ராலின்ஸ் 2012வரை மேடையில் வாசித்தார், நுரையீரல் நோய் காரணமாக 2014இல் ஓய்வு பெற்றார். உயிரோடிருந்தது மட்டும் பாலத்தின் பலன் என்று சொல்ல வரவில்லை. அதில் லெக்சிங்டனுக்கும் லூசிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் எழுபத்தொரு வயதில், ஊரே இடிந்து கிடந்த வாரத்தில், ஒரே மூச்சில் இப்படி வாசிக்க ஒலியும் உடம்பும் மனசும் மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும். மூன்றையும் அவர் தனித்தனியாக எடுத்துப் பழக்கியது அந்த இரண்டு ஆண்டுகளில்தான். 1956க்கு அப்புறம் ராலின்ஸ் தன்னைத் தாண்டவே இல்லை என்று வாதாடுகிறவர்கள் இந்த இரண்டு பதிவுகளையும் ஒரே நாளில், 1962ஐ முதலில் வைத்து, கேட்டுவிட்டுப் பேசட்டும்.